பூனைத் தலைக்குள் ஒரு வெள்ளை

"படத்தைப் பார்த்தே இது பூஞ்சை, இது புற்றுன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியணும். அதை எனக்குக் கத்துக்கொடுப்பீங்களா?"

இன்னாசிமுத்து கதவருகே நின்றபடியே கேட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. தூத்துக்குடியில் இருபத்தெட்டு வருடமாக நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். எதிரே கணினி முன்னால் இருந்த ஹசீனாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பதினாறு வருடத்துக்கு முன் இதே ஹசீனா அவருடைய கிளினிக்குக்குப் பயிற்சிக்கு வந்தவர். சீறுகிற பூனையை எப்படிப் பிடிப்பது என்று இவரிடம்தான் கற்றுக்கொண்டார். இப்போது சென்னையில் ஒரு பெரிய கால்நடை மருத்துவமனையில் ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்பவர். தென்மாவட்டத்து மருத்துவர்கள் குழம்பிப்போனால் படத்தை அவருக்குத்தான் அனுப்புவார்கள்.

"கிளினிக்?"

"பூட்டிட்டேன்."

"என்ன ஆச்சு சார்?"

"ஒரு பூனையைக் கொன்னுட்டேன்."

ஹசீனா நாற்காலியைத் திருப்பினார்.

இன்னாசிமுத்து சொன்னார். எஸ்தர் என்று ஒரு கணக்கு டீச்சர். தனியாக இருப்பவர். அவருடைய பூனை வட்டமடித்து வட்டமடித்து நடந்தது, பிறகு வலிப்பு வந்தது. வெளியூரில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தார். மூளையின் முன்பக்கத்தில் வெள்ளையாக ஒரு உருண்டை. இன்னாசிமுத்து படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். புற்று என்றார். அவஸ்தைப்பட விட வேண்டாம் என்றார். டீச்சர் மடியில் வைத்துக்கொள்ள, இவரே ஊசி போட்டார்.

"அப்புறம்?"

"மருத்துவர்கள் கூட்டம் ஒண்ணு வருது, அதுல காட்டலாம்னு டீச்சர்கிட்டக் கேட்டுட்டு, மூளையிலேர்ந்து ஒரு துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பினேன்."

"பூஞ்சை."

"ஆமா. அதுக்கான மாத்திரை என் அலமாரியிலேயே இருந்துச்சு, ஹசீனா. ரெண்டு அட்டை."

"ஸ்கேன் ரிப்போர்ட்ல கடைசி வரி என்ன இருந்துச்சு?"

இன்னாசிமுத்துவின் பார்வை தரைக்குப் போனது.

"பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கவும்னு இருந்துச்சு."

"படிச்சீங்களா?"

"படிச்சேன். எனக்குப் புற்றுதான்னு தோணிச்சு."



"அந்த டீச்சர்கிட்ட இதைச் சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"சொல்லிட்டு வாங்க."

அவ்வளவுதான். நாற்காலி மறுபடி திரைப்பக்கம் திரும்பிவிட்டது.

*

தூத்துக்குடியில் எஸ்தர் டீச்சர் தன் வீட்டில் காப்பி கொடுத்தார்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இன்னாசிமுத்து எல்லாவற்றையும் சொன்னார். தான் எப்படிச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

டீச்சர் அழவில்லை. வகுப்பில் தப்புக் கணக்கைக் கேட்பதுபோல ஒவ்வொரு படியாகக் கேட்டார்.

"குணமாயிருக்குமா?"

"ஆறு மாசம், ஒரு வருஷம் மாத்திரை கொடுக்கணும். நிறையப் பூனை பிழைச்சிருக்கு."

"அந்த மாத்திரை அன்னைக்கு உங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஊசி போடறப்ப அது என்னையே பாத்துட்டிருந்துச்சு. ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்லடான்னு நான்தான் சொன்னேன்."

இன்னாசிமுத்துவுக்குக் காப்பி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அஞ்சு மாசமா அதுக்கு நல்லதுதான் பண்ணினோம்னு நினைச்சுத் தூங்கினேன் டாக்டர். இனிமே எப்படித் தூங்குறது?"

அவர் எழுந்தார். டீச்சரும் எழுந்தார். வாசல்வரை வந்து கதவைச் சாத்தினார். அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினார்.

அறைந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே இன்னாசிமுத்து படியிறங்கினார்.

*

"சொல்லிட்டேன்."

"ம்."

"சொல்லியிருக்கவே கூடாது. நிம்மதியா இருந்தவங்களைப் போய்க் கெடுத்துட்டு வந்திருக்கேன். எனக்கும் பாரம் குறையலை, அவங்க தலையிலயும் ஏத்திட்டேன்."

"குறையும்னு நான் சொன்னேனா?"

"இல்லை."

"உட்காருங்க சார்."

இன்னாசிமுத்து உட்கார்ந்தார்.

ஹசீனா திரையில் ஒரு படத்தைக் கொண்டுவந்தார். பூனையின் தலை, குறுக்காக வெட்டிய மாதிரி. சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு வெள்ளை.

"சொல்லுங்க."

"புற்று."

"அடுத்தது."

இன்னொரு தலை. இன்னொரு வெள்ளை.

"பூஞ்சை... இல்லை, புற்று."

"அடுத்தது."

சரியா தப்பா என்று ஹசீனா சொல்லவில்லை. அன்றைக்குப் பத்துப் படம். மறுநாள் பத்து. காலையில் நோயாளிகள் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் இதுதான் பாடம். அதன்பிறகு அவர் மருத்துவமனையில் கூடமாட வேலை பார்த்தார்.

இன்னாசிமுத்து மருத்துவமனைக்கு எதிர்த் தெருவில் ஒரு மேன்ஷனில் அறை எடுத்துத் தங்கினார். புத்தகங்களை வாங்கிப் படித்தார். வெள்ளையின் ஓரம் எப்படி இருக்கிறது, மூளையைச் சுற்றின உறை தடித்திருக்கிறதா, சோப்பு நுரைபோலச் சின்னச் சின்னக் குமிழ்கள் தெரிகின்றனவா, மூக்கிலிருந்து உள்ளே பரவியிருக்கிறதா என்று நோட்டில் படம் வரைந்து பார்த்தார். சோறு பிசையும்போது தட்டில்கூட வெள்ளைகள் தெரிந்தன.

மெல்ல மெல்ல அவர் தயங்குவது குறைந்தது. படம் வந்ததும் சொல்லிவிடுவார்.

"பூஞ்சை."

"அடுத்தது."

"புற்று. மூளை உறையிலேர்ந்து கிளம்பியிருக்கு."

"அடுத்தது."

நாற்பதாவது நாள் அவர் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"நானூறு படம் பாத்துட்டேன். எத்தனை சரின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பதினேழு சரி. ஒன்பது தப்பு."

"மீதி?"

"மீதியை யாரும் திறந்து பாக்கலை. ஊசி போட்டாங்க, புதைச்சாங்க. இல்லேன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அப்புறம் வரலை. எனக்கும் தெரியாது."



"அப்ப இத்தனை நாளும் நான் என்ன படிச்சேன்?"

"அடுத்தது பாருங்க," என்றார் ஹசீனா.

*

மறுநாள் கேப்டன் வந்தது.

ஆரஞ்சு நிறத்தில் தடித்த ஆண் பூனை. ஒரு காலத்தில் தடித்திருக்கும். இப்போது தோல்தான் தொங்கியது. அதைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்துத் தூக்கி வந்தவர் சகாயமேரி. ஆட்டோ ஓட்டுபவர். காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தார்.

"வலது பக்கமாவே போயி செவுத்துல முட்டிக்குது சார். தட்டு எதிர்ல இருந்தாலும் தெரியல. நேத்து வலிப்பு வந்து இழுத்துக்கிச்சு."

இன்னாசிமுத்து பூனையின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். மூக்குத்தண்டின் மேல் ஒரு வீக்கம்.

"இது எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். பூச்சி எதுனா கடிச்சிருக்கும்னு மஞ்சளு வச்சேன். அப்பப்போ கொறையும், அப்பப்போ வீங்கும்."

"வீட்டுப் பக்கம் புறா உண்டா?"

சகாயமேரி அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"மூணாவது மாடி சார் நம்ம வீடு. மொட்டமாடி பூரா புறா எச்சம்தான். இவரு பொழுதுக்கும் அங்கதான் படுத்துக் கெடப்பாரு. எப்டி சார் கண்டுபுடிச்ச?"



மயக்க மருந்து கொடுத்துக் கேப்டனை ஸ்கேன் குழாய்க்குள் அனுப்பினார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரையில் படம் வந்தது. மூக்குக்கும் மூளைக்கும் நடுவே இருக்கிற சல்லடை எலும்பு அரித்துப்போயிருந்தது. அந்த ஓட்டை வழியாக வெள்ளை உள்ளே ஏறி, மூளையின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"பூஞ்சை," என்றார் இன்னாசிமுத்து.

"மூக்குல வர்ற புற்றும் இதே வழியாத்தான் ஏறும்."

"பூஞ்சைதான். புறா எச்சத்துல வளர்றது. எனக்குத் தெரியும்."

"தெரியுமா, தோணுதா?"

அவர் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தோணுது. முதுகுத் தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாத்துடலாம். பூஞ்சை இருந்தா அதுலயே தெரிஞ்சுடும்."

ஹசீனா திரையில் விரலை வைத்தார். மூளையின் பின்பக்கம், மண்டை முடிகிற இடம்.

"இங்க பாருங்க. உள்ள அவ்வளவு அழுத்தம். இடமே இல்லை. நீரை எடுத்தீங்கன்னா மூளை கீழே இறங்கிடும். மேஜையிலேயே போயிடும்."

"அப்ப?"

"ரத்தம் எடுத்து அனுப்புவோம். ரிசல்ட் வர நாலு நாள்."

"நாலு நாளும் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கவா?"

ஹசீனா ஏற்கெனவே மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். பூஞ்சைக்கான மாத்திரை.

"உறுதியில்லாமலேயா?"

"உறுதியில்லாமத்தான்," என்றார் ஹசீனா.

*

கேப்டனை உள்நோயாளியாகச் சேர்த்தார்கள்.

சகாயமேரி தினமும் பிற்பகலில் வருவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு, வேகவைத்த நெத்திலியை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு வருவார். கூண்டின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முள் எடுத்த மீனை விரல் நுனியில் வைத்து நீட்டுவார். கேப்டன் திரும்பாது.

"கேப்டன். டேய் கேப்டன். இங்க பாரு. சவாரி எல்லாம் உட்டுட்டு வந்திருக்கேன்டா."

இன்னாசிமுத்து மணிக்கு ஒரு தரம் வந்து பார்த்தார். வேளாவேளைக்கு மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, சிரிஞ்சால் வாயோரத்தில் விட்டார். ஒவ்வொரு முறையும் தூத்துக்குடி அலமாரியில் இருந்த இரண்டு அட்டை மாத்திரை அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது.

நாலாவது நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பூஞ்சை.

அவர் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஹசீனாவின் அறைக்கு ஓடினார். ஐம்பத்தாறு வயதில் அப்படி ஓடியது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஓடினார்.

"நான் சொன்னேன்ல? சொன்னேன்ல?"

ஹசீனா காகிதத்தை வாங்கிப் படித்தார். கடைசி வரிவரை படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"வலது கண்ணுல வெளிச்சம் அடிச்சா கண்பாப்பா சுருங்குதா?"

"இல்லை."

"நேத்து?"

"நேத்து சுருங்குச்சு."

இன்னாசிமுத்து காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் கேப்டன் ஒரே ஒரு நெத்திலியைத் தின்றது. சகாயமேரி வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். நர்ஸ்களுக்கும் நெத்திலி கொடுத்தார். ஆறாம் நாளும் ஏழாம் நாளும் தலையைத் தூக்கிக் குரல் வந்த பக்கம் பார்த்தது. பார்வை தெரியவில்லை, ஆனால் குரல் தெரிந்தது.

எட்டாம் நாள் வலிப்பு வந்தது. நிற்கவில்லை. மூளை வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்தார்கள்.

ஒன்பதாம் நாள் காலை ஆறு மணிக்குக் கேப்டன் செத்துப்போனது.

*

ஒன்பது மணிக்கு இன்னாசிமுத்து வந்தபோது, சகாயமேரி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் அதே பிளாஸ்டிக் கூடை. உள்ளே துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள். காக்கிச் சட்டையின் பொத்தானை ஒன்று தாண்டி ஒன்றில் மாட்டியிருந்தார். கண் காய்ந்து கிடந்தது.

இன்னாசிமுத்து பக்கத்தில் உட்கார்ந்தார். 

"சார், ஒன்னு கேக்கட்டா?"

"கேளுங்கம்மா."

"மூக்கு வீங்குனப்பவே தூக்கினு வந்திருந்தா பொழச்சிருக்குமா?"

அவருக்கு விடை தெரியும். மூக்கில் இருக்கும்போதே மருந்து ஆரம்பித்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அரிக்காத எலும்பு, ஏறாத வெள்ளை. இரண்டு மாத மஞ்சள்.

அவருக்கு எஸ்தர் டீச்சரின் கதவு ஞாபகம் வந்தது.

"அதெல்லாம் சொல்ல முடியாதும்மா," என்றார். "யாருக்கும் தெரியாது."

சகாயமேரி அவர் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி சார்."

செருப்புச் சத்தம் நடைபாதை முனையில் திரும்பி மறைந்தது.

இன்னாசிமுத்து ஹசீனாவின் அறைக்குப் போனார். இந்த முறை சொல்லாமலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எஸ்தர் டீச்சர் பூனைக்கு நோயோட பேரு தெரியலை, செத்துச்சு. இதுக்குப் பேரு தெரிஞ்சுது, இதுவும் செத்துச்சு. நாளைக்கே ஊருக்குப் போறேன். கிளினிக்கைத் திறக்கப் போறதில்லை."

ஹசீனா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"சகாயமேரி கேட்டாங்க. முன்னாடியே வந்திருந்தா பிழைச்சிருக்குமான்னு."

"என்ன சொன்னீங்க?"

"யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன். அவங்க தூக்கத்தையாவது விட்டுவைப்போம்னுதான்."

ஹசீனா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்போதுதான் இன்னாசிமுத்து கவனித்தார். ஹசீனாவின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"ஏழு மணிக்கு என்கிட்டயும் கேட்டாங்க சார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பிழைச்சிருக்கும்னு சொன்னேன்."



விடை தெரிந்த ஒருத்தர் இரண்டு மணி நேரம் ஒரு பெஞ்சில், செத்த பூனையை மடியில் வைத்துக்கொண்டு, தனக்காகக் காத்திருந்திருக்கிறார். வந்ததும் அதையே கேட்டிருக்கிறார்.

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு என்கிட்டக் கேட்டாங்க?"

ஹசீனா கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். திரையில் அடுத்த படத்தைத் திறந்தார். ஏதோ ஊர், ஏதோ பூனை, நடுவில் ஒரு வெள்ளை.

"ஆட்டோ ஸ்டாண்டு பின்வாசல் பக்கம் இருக்கு," என்றார்.

*

நாலைந்து ஆட்டோக்கள் நின்றன. கடைசி வண்டியில் சகாயமேரி உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடவில்லை. கைகள் ஹேண்டில் பாரில் இருந்தன. கூடை பின்சீட்டில் இருந்தது.

இன்னாசிமுத்து வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

சகாயமேரி திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க சார் போகணும்?"

"பிழைச்சிருக்கும்மா," என்றார் இன்னாசிமுத்து. "மூக்கு வீங்கின அன்னைக்கே வந்திருந்தா பிழைச்சிருக்கும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்வாசலில் யாரோ ஒரு நாயை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அது வரமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டு கத்தியது.

சகாயமேரியின் தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை. ஹேண்டில் பாரைப் பிடித்த கைகளின் மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டார். இன்னாசிமுத்து நின்ற இடத்திலேயே நின்றார். போகவில்லை.

வெகுநேரம் கழித்து சகாயமேரி நிமிர்ந்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"ஏறி குந்து சார்," என்றார். "குழி வெட்ட ஒரு ஆளு வேணும்."